நடுவைத் தாண்டக் கூடாது

பிப்ரவரி 9

அக்கா,

இனிமேல் போன் பண்ணாதே. நேற்று மட்டும் ஆறு தடவை அடித்திருக்கிறாய். உன் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன். குழந்தை பக்கத்து அறையில் இருக்கிறாள். சொல்ல வேண்டியதை எழுது, நானும் எழுதுகிறேன்.

விசாரணைக் குழுவின் முதல் அறிக்கை இன்றைய பேப்பரில் வந்திருக்கிறது. நீ பார்த்திருப்பாய். "வரைபடத்தில் இருந்த எச்சரிக்கையை மீறி, சைட் சூப்பர்வைசர் கலவை லாரியைப் பாலத்தின் நடுவைத் தாண்டிக் கொண்டுவரச் சொன்னதே விபத்துக்குக் காரணம் எனத் தெரிகிறது." தெரிகிறதாம். என் வீட்டுக்காரர் போய் இருபத்தொன்பது நாள்தான் ஆகிறது. அதற்குள் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். செத்தவன் வந்து வாய் திறக்கப் போவதில்லையே.

லாரி ஓட்டியவரின் மனைவி எங்கள் தெருவில்தான் இருக்கிறாள், மூன்று வீடு தள்ளி. இரண்டு பேரும் ஒரே பாலத்தோடு ஒரே காலையில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். முதல் வாரம் நானும் அவளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதோம். இன்று காலை என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என் பெண்ணிடம், "உங்கப்பாதான் பாலத்தை விழ வெச்சாராமே" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு எட்டு வயது.

அவர் தப்பு செய்தவர் என்றால் பாலம் விழுந்த முனையிலேயே ஏன் நின்றார்? தாங்காது என்று தெரிந்த இடத்தில் யாராவது போய் நின்று லாரிக்குக் கை காட்டுவார்களா?

அந்தப் பாலத்தின் கணக்கைப் போட்டது நீ. கீழே இருப்பது உன் கையெழுத்து. அடக்கத்துக்கு வந்தாய், ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். என் முகத்தை நீ ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை. அன்றைக்கு அதைத் துக்கம் என்று நினைத்தேன்.

கணக்கை எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நான் மருந்துக் கடையில் நிற்கிறவள். சீட்டில் அரை மாத்திரை என்றிருப்பதை இரண்டு என்று படித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எண்ணைக் கண்டு பயப்பட மாட்டேன்.

தங்கை


பிப்ரவரி 15

பாப்பு,

உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. கழிப்பறையில் போய் நின்றுகொண்டு மிச்சத்தைப் படித்தேன்.

கேட்டாய், எழுதுகிறேன். ஒரு நீளப் பலகையை இரண்டு கல்லின் மேல் வைத்ததாக நினைத்துக்கொள். சாதாரணப் பாலம் என்பது அவ்வளவுதான். பலகையின் எடையை இரண்டு கல்லும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். நம் பாலத்தின் நீளம் இருபது மீட்டர், எடை நாற்பது டன். ஆக, கரைக்கு இருபது டன்.

இடது கரையில் கான்கிரீட் கால் கட்டி முடிந்திருந்தது. அது எவ்வளவு வந்தாலும் தாங்கும். வலது கரையின் கால் இன்னும் முடியாததால் அங்கே தற்காலிகமாக இரும்பு முட்டு கொடுத்திருந்தோம். அதன் எல்லை நாற்பது டன். அதற்கு மேல் உத்தரவாதம் கிடையாது.

கலவை நிரம்பிய லாரி முப்பது டன். அது பாலத்தின் நட்டநடுவில் நின்றால் பக்கத்துக்குப் பதினைந்து. இருபதும் பதினைந்தும் முப்பத்தைந்து. முட்டு தாங்கும். லாரி வலது பக்கம் நகர நகர, அந்தப் பக்கத்துப் பங்கு ஏறும், இந்தப் பக்கத்துப் பங்கு இறங்கும். இடது காலிலிருந்து லாரி எத்தனை மீட்டரில் நிற்கிறதோ அதை லாரியின் எடையால் பெருக்கி, இருபதால் வகுத்தால் வலது முட்டின் பங்கு வந்துவிடும்.

அதனால்தான் வரைபடத்தில் "லாரி நடுவைத் தாண்டக் கூடாது" என்று குறிப்பு இருக்கிறது. குழு அதைத்தான் பார்த்திருக்கிறது. யாரும் வேண்டுமென்றே மாப்பிள்ளை மேல் பழி போடவில்லை. வேலை மும்முரத்தில் சில சமயம் இப்படி ஆகிவிடுகிறது.

நீ சரியாகச் சாப்பிடு. குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

நீ எழுதியதை நம்பாமல் செய்து பார்த்தேன். என்னிடம் சமையலறைத் தராசு ஒன்று இருக்கிறது. எங்கள் கடைக்கு அடுத்த பேக்கரியில் இன்னொன்று இரவல் வாங்கினேன். இரண்டுக்கும் நடுவே மர ஸ்கேலை வைத்து, மேலே ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்தேன். நடுவில் வைத்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஐந்நூறு ஐந்நூறு காட்டியது. வலது பக்கம் தள்ளத் தள்ள அறுநூறு, எழுநூற்றைம்பது, தொள்ளாயிரம். குழந்தை, "நானும் தள்றேம்மா" என்று கேட்டாள். அவளும் தள்ளினாள். எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்டாள். எடை பார்க்கிறேன் என்றேன்.

கணக்கும் போட்டேன். பேப்பரில் போட்டிருந்த படத்தின்படி லாரி விழுந்தது வலது முனைக்கு இரண்டு மீட்டர் முன்னால். அதாவது இடது காலிலிருந்து பதினெட்டு. முப்பதைப் பதினெட்டால் பெருக்கினால் ஐந்நூற்று நாற்பது. இருபதால் வகுத்தால் இருபத்தேழு. பாலத்தின் பங்கு இருபதையும் சேர்த்தால் நாற்பத்தேழு. முட்டின் எல்லை நாற்பது. இதுவரை நீ சொல்வது சரி.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. அன்றைக்குக் கலவை கொட்ட வேண்டிய இடம் பாலத்தின் மேல்தளம் முழுவதும், அந்த வலது முனை வரைக்கும். லாரியின் பின்னால் இருக்கும் சரிவுக் குழாய் நாலு மீட்டர்தான் எட்டும் என்று அங்கே வேலை பார்த்த ஒருவர் சொன்னார். லாரி நடுவிலேயே நின்றால் மிச்சம் ஆறு மீட்டருக்குக் கலவை எப்படிப் போகும்? அந்தக் கரையில் சாலையே இன்னும் போடவில்லை, அந்தப் பக்கமாக லாரி வர வழியில்லை. கூடையில் அள்ளிக் கொட்டச் சொன்னீர்களா? முப்பது டன் கலவை லாரிக்குக் கணக்குப் போட்டவளுக்கு, அந்த லாரி எங்கே போகும் என்று தெரியாதா?

குழாய்க்கு எட்டாத இடத்துக்கு லாரி வந்துதான் ஆக வேண்டும். யார் நின்றிருந்தாலும் வரச் சொல்லித்தான் இருப்பார்கள்.

பதில் எழுது.


மார்ச் 2

பாப்பு,

நீ வழக்கறிஞர் மாதிரி கேள்வி கேட்கிறாய். நான் உன் அக்கா.

நடுவைத் தாண்டிக் கலவை கொண்டுபோக வேண்டுமென்றால் கைவண்டி இருக்கிறது, பம்ப் இருக்கிறது. கொஞ்சம் நேரம் அதிகம் ஆகும், அவ்வளவுதான். குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறது. எழுதியதைப் படிக்காமல் வேலை செய்தால் கணக்குப் போட்டவள் என்ன செய்ய முடியும்? உன் வீட்டுக்காரர் எதிலும் அவசரக்காரர் என்று நீயே எத்தனை தடவை என்னிடம் குறைப்பட்டிருக்கிறாய். குக்கரில் ஆவி அடங்கும் முன்னால் மூடியைத் திறப்பவர் என்று சொல்லிச் சிரித்ததும் நீதான்.

இதைக் கிளறிக் கிளறி உனக்கு என்ன கிடைக்கப் போகிறது? உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. லீவு போட்டுவிட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து பத்து நாள் இரு.

அக்கா


மார்ச் 6

குக்கர் மூடியைப் பற்றி நான் சொன்னது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவரையும் சிரிக்க வைப்பதற்காக. அதை எடுத்து இங்கே போடுவதற்கு உனக்கு எப்படிக் கை வந்தது?

அவர் வேலைத் தாள்களை நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். சாப்பாட்டு மேஜையில் விரித்து, வரி வரியாக விரலை வைத்துப் படிப்பார். அவசரக்காரர் படிக்கிற லட்சணம் அது. படித்து முடித்ததும் பின்பக்கம் படம் வரையட்டும் என்று குழந்தையிடம் கொடுத்துவிடுவார்.

நேற்று அவள் படக் கட்டை ஒழுங்குபடுத்தினேன். ஒரு நாய்ப் படத்தின் பின்பக்கம், அந்த வரைபடமும் உன் கணக்கும் சேர்ந்திருக்கும் தாள் இருந்தது. உன் கையெழுத்து, உங்கள் ஆபீஸ் முத்திரை, ஜனவரி 6 என்று தேதி. பாலம் விழுவதற்கு ஐந்து நாள் முன்னால். "வலது முட்டு மீது விசை: 35 டன்" என்று ஒரு கட்டத்தில் எழுதியிருக்கிறது. நான்கு ஓரமும் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன்.

நடுவைத் தாண்டக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் கொண்டுவந்த தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.


மார்ச் 27

மூன்று வாரமாகிவிட்டது. போனும் இல்லை, கடிதமும் இல்லை. அப்படியென்றால் அது உண்மைதான், இல்லையா அக்கா?


ஏப்ரல் 4

பாப்பு,

உண்மைதான்.

இதற்கு முன்னால் நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் எங்கேயாவது ஒரு இடத்தில் எனக்காகப் பரிந்து பேசியிருந்தேன். இதில் அப்படி வந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுப் படி.

ஒரு பாலத்துக்கு இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். உத்திரம் எங்கே வளைந்து முறியும் என்பது ஒன்று. அதற்கு லாரியை நடுவில் நிறுத்திக் கணக்குப் போட வேண்டும், அங்கேதான் வளைவு அதிகம். கால்கள் எவ்வளவு தாங்க வேண்டும் என்பது இரண்டாவது. அதற்கு லாரியை அந்தக் காலுக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்திப் பார்க்க வேண்டும். இது முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். நீ இரண்டு தராசை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்தாய்.

ஜனவரி 6 அன்று உத்திரக் கணக்கை முடித்திருந்தேன். லாரி நடுவில் இருந்தது. முட்டுக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. தலைமைப் பொறியாளர் என் மேஜைக்கு எதிரே பையை மாட்டிக்கொண்டு நின்றார். "என்னம்மா, இன்னுமா? முட்டு சப்ளை பண்றவன் கீழே வண்டியோட நிக்கிறான்" என்றார். கையில் இருந்த கணக்கில் வலது பக்கம் முப்பத்தைந்து என்று இருந்தது. அதையே அந்தக் கட்டத்தில் எழுதினேன். காலையில் வந்து லாரியை முனையில் நிறுத்தி இன்னொரு தடவை போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு இரண்டு நிமிஷம் போதும். காலையில் வேறு ஒரு வேலை வந்தது. மறந்துபோனேன்.

ஐம்பது டன் என்று எழுதியிருந்தால் அதற்கேற்ற முட்டு வந்திருக்கும். நான் முப்பத்தைந்து என்றேன், அவர்கள் நாற்பதுக்கு ஒன்று கொடுத்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

பாலம் விழுந்த அன்று மத்தியானம் தலைமைப் பொறியாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அசல் தாளை என் முன்னால் வைத்தார். "ஒரு வரி சேர்த்துடும்மா. செத்தவங்க செத்துட்டாங்க. இருக்கிறவங்க இருக்கணும்ல?" என்றார். செத்தவர் யார் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உன் போன் வந்து அப்போது ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. என் கை நடுங்கவில்லை பாப்பு. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. மற்ற எழுத்துகள் எவ்வளவு அழகாக இருந்தனவோ, அவ்வளவு அழகாக எழுதினேன்.

அதற்குப் பிறகு பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன்.

எழுதியதைப் படிக்காதவர் என்று மாப்பிள்ளையைப் பற்றி உனக்கு எழுதினேன். அவர் படித்திருக்கிறார். எழுதாமல் விட்டவள் நான்.

இந்தக் கடிதத்தை நீ விசாரணைக் குழுவிடம் கொடுக்கலாம். அதற்காகவே பின்பக்கம் முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

முழுவதும் படித்தேன். எதையும் விட்டுவிட்டுப் படிக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். விழுவதற்கு முந்தின நாள் அவர் அந்த முட்டைப் பார்த்துவிட்டு வந்து, "ஒல்லியா இருக்கு, எனக்கென்னவோ சரியாப் படல" என்றார். "அப்போ யார்கிட்டயாவது கேளுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "கணக்கம்மா போட்ட கணக்கு. அதுல போய் நான் குறை கண்டுபிடிக்கிறதா? கண்ணை மூடிட்டு நிக்கலாம்" என்றார். உனக்கு அவர் வைத்த பேர் அது. உன் முன்னால் சொன்னதில்லை.

நீயாக இல்லாமல் வேறு யாராவது போட்டிருந்தால் கேட்டிருப்பார். இதை உன்னைக் குத்துவதற்காகத்தான் எழுதுகிறேன். மறைக்கவில்லை.

உன் கடிதத்தை நான் யாரிடமும் கொடுக்க மாட்டேன். தாளையும் கொடுக்க மாட்டேன். தங்கை காட்டிக்கொடுத்தாள், அதனால் ஒப்புக்கொண்டேன் என்று நீ பிற்காலத்தில் நினைத்துக்கொள்ள நான் இடம் தர மாட்டேன். நீயே குழுவின் முன்னால் போ. அந்த அறையில் நின்று, உன் வாயால், அவர் பேரைச் சொல்லி, அவர் மேல் தப்பில்லை என்று சொல். ஏப்ரல் முடியும் வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு நீ போகவில்லை என்றால் எனக்கு அக்கா இல்லை, தாள் இருக்கிறது.


மே 2

பாப்பு,

ஏப்ரல் 28 அன்று போனேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாதான் கேள்வி கேட்டார். அவரும் பொறியாளர். நான் சொல்லி முடித்ததும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எந்த வருஷம் படிச்சு முடிச்சீங்க?" என்றார். சொன்னேன். "பத்தொன்பது வருஷ அனுபவம்" என்று மட்டும் சொன்னார். அதை அவர் திட்டாகச் சொல்லவில்லை. பதினெட்டு மீட்டரில் லாரியை வைத்து அங்கேயே ஒரு தடவை கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். நாற்பத்தேழு. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

நீ சொன்னபடி மாப்பிள்ளையின் பேரைச் சொன்னேன். அவர் தாளில் இருந்தபடிதான் வேலை செய்தார் என்றேன். அந்த வரி இல்லாத தாள் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். நீ அனுப்பிய நகலைக் கொடுத்தேன். மாப்பிள்ளை கொண்டுவந்த தாளைக் கேட்டு உன்னிடம் ஆள் வருவார்கள்.

தலைமைப் பொறியாளர் அப்படி எதுவும் தான் சொல்லவே இல்லை என்கிறார். கதவு சாத்தியிருந்தது, சாட்சி கிடையாது. அந்த வரியை எழுதியது என் கைதானே. ஆபீஸில் என் மேஜையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். என் உரிமத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். வழக்குப் பதிவாகும் என்று அந்த அம்மா முன்கூட்டியே சொன்னார். கவனக்குறைவால் இரண்டு மரணம், அதோடு ஆவணத்தைத் திருத்தியது. இரண்டாவதற்குத்தான் தண்டனை அதிகம் என்று வக்கீல் சொல்கிறார். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. நீ எதிர்பார்த்திருந்தால் என்று எழுதுகிறேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையை இதுவரை எந்தக் கடிதத்திலும் நான் எழுதவில்லை. இதிலும் எழுத மாட்டேன். கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

அக்கா


ஜூலை 3

அக்கா,

இறுதி அறிக்கை வந்துவிட்டது. அவர் பேர் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. "தளத்தில் கிடைத்த ஆவணங்களின்படியே சூப்பர்வைசர் செயல்பட்டார். அவர் மீது தவறு ஏதும் இல்லை." இரண்டே வரி. பேப்பரில் இந்தச் செய்தி ஏழாம் பக்கத்தில், கீழ் மூலையில் வந்தது. அவரைக் குற்றவாளி என்று போட்டபோது முதல் பக்கம்.

அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு லாரி ஓட்டியவரின் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலிலேயே நின்று இரண்டு தடவை படித்தாள். "உள்ள வா" என்றாள். டீ போட்டாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "கணக்குப் போட்டது உன் கூடப்பிறந்தவங்களாமே" என்றாள். ஆமாம் என்றேன். "அஞ்சு மாசமா உன் மேல இருந்த கோபத்தை இப்போ எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல" என்றாள். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் டீயைக் குடித்து முடித்தோம்.

குழந்தையிடம் நான்தான் சொன்னேன். வெளியில் யாராவது சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று. அப்பா மேல் தப்பில்லை என்றேன். "எனக்குத் தெரியும்" என்றாள். தப்பு செய்தது பெரியம்மா என்றேன். "தெரிஞ்சே செஞ்சாங்களா?" என்று கேட்டாள். கணக்கில் தப்பு தெரியாமல் வந்தது, மறைத்தது தெரிந்தே செய்தது என்றேன். எட்டு வயதுக் குழந்தைக்கு இது புரியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பொய் சொல்லிப் பழக்கினால் அது எங்கே போய் முடியும் என்று பார்த்துவிட்டோமே. அன்று முழுவதும் அவள் என்னை விட்டு நகரவில்லை. உன்னைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ என் கூடப் பிறந்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள். அவர் என் வீட்டுக்காரர். ஒன்றை நினைத்தால் இன்னொன்று வந்து முன்னால் நிற்கிறது. கடையில் மாத்திரை எண்ணும்போது இப்போதெல்லாம் இரண்டு தடவை எண்ணுகிறேன். வாடிக்கையாளர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

உன் வழக்கு பத்தொன்பதாம் தேதி என்று வக்கீல் எழுதியிருந்தார். அரசுத் தரப்பும் எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறது. தங்கள் பக்கத்து முன்வரிசையில் வந்து உட்காரச் சொல்கிறார்கள். உனக்குத் துணையாக வர வேறு யாரும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கடையில் லீவு சொல்லிவிட்டேன், வருவேன். எந்தப் பக்கம் உட்காருவேன் என்று மட்டும் என்னைக் கேட்காதே.

தங்கை